நாற்பத்து நான்கு வயதில் வந்த பரு

என் மனைவிக்கு நாற்பத்து நான்காவது வயதில் முகப்பரு வந்தது. பதினாறு, பதினேழு வயதில் அவளுக்கு ஒன்றுகூட வந்ததில்லையாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்துக்குப் போட்டு நான் பார்த்ததெல்லாம் சோப்பும் கொஞ்சம் பவுடரும்தான். அந்த வருடம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற சமயத்தில் தாடையோரம் இரண்டு வந்தன. தொட்டால் வலிக்கும், பழுக்காது, போகவும் போகாது. ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். மழை பிடித்துக்கொள்வதற்குள் தாடை முழுக்க வரிசையாக வந்துவிட்டன.

நாங்கள் இருப்பது மராட்டி மாநிலத்தில், தேஹு ரோட்டில். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே ராணுவ டெப்போவுக்கு வேலைக்கு வந்தவர். நானும் அதே டெப்போவில் சிவிலியன் குமாஸ்தா. மனைவி பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எட்டு, ஒன்பது வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். ஒரே மகள், அப்போது பதினாறு வயது, ஜூனியர் காலேஜில் பதினொன்றாவது.

“இந்த வயசுல எனக்கு என்னத்துக்கு இது?” என்று மனைவி கண்ணாடி முன் நின்று கேட்டாள். அவள் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அன்று சாயங்காலம் பஜாரில் எங்களுக்குப் பழக்கமான மருந்துக்கடையில் போய்க் கேட்டேன். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. “அண்ணிக்காகவா? இதைக் கொடுங்கள், எல்லோரும் வாங்குகிறார்கள்” என்று ஹிந்தியில் சொல்லி ஒரு சின்ன ட்யூபை எடுத்து வைத்தார்.

அந்த ட்யூப் வேலை செய்தது. அதுதான் வினை. பத்து நாளில் பரு அமுங்கியது. ஒரு மாதத்தில் முகம் வழவழவென்று ஆகி, நிறம்கூடக் கொஞ்சம் வெளுத்தது. சர்ச்சில் இரண்டு பேர் அவளிடம் என்ன போடுகிறாய் என்று விசாரித்தார்கள். நான் பெருமையாக அடுத்த ட்யூபும், அதற்கடுத்ததும் வாங்கி வந்தேன்.

செப்டம்பரில் பரீட்சைத்தாள் திருத்துகிற மும்முரத்தில் ட்யூப் தீர்ந்ததை அவள் கவனிக்கவில்லை. நான்கு நாள் போடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கன்னமெல்லாம் சிவந்து, அடுப்பருகில் வெகுநேரம் நின்றவள் மாதிரி இருந்தாள். தண்ணீர் பட்டாலே எரிந்தது. மறுபடி ட்யூபைப் போட்டால் அடங்கியது; ஒரு வேளை தவறினால் முன்னைவிட அதிகமாக வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிய ஆரம்பித்தன. தாடையில் மட்டும் இருந்த பரு இப்போது நெற்றி, கன்னம் என்று பொடிப்பொடியாக, எல்லாம் ஒரே அளவில் வந்தது.

“இதை நிறுத்தவும் முடியல, போடவும் பயமா இருக்கு. நான் டாக்டர்ட்ட போறேன்” என்றாள். வேறு ஒரு கிரீம் கேட்டுப் பார்க்கலாமே என்று நான் இழுத்தேன். உடன் வேலை பார்க்கும் டீச்சரிடம் விசாரித்து, ஆகுர்டியில் ஒரு தோல் டாக்டரிடம் அவளே நேரம் வாங்கிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் லோக்கல் ரயிலில் போனோம். ஒரே ஸ்டேஷன்தான். மகளுக்கு அங்கே டியூஷன் இருந்ததால் அவளும் கூட வந்தாள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் கிளினிக். உள்ளே பள்ளிப் பிள்ளைகள், ஃபாக்டரி சட்டையோடு ஒருவர், நரைத்த மீசையோடு ஒரு பெரியவர், கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். பருவை நான் பள்ளிப் பிள்ளைகளின் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கூடத்தில் எல்லா வயதும் இருந்தது.

டாக்டர் மராட்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, தூக்கிக் கட்டிய கொண்டை. மனைவியை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி, “ட்யூபைக் கொண்டுவந்தீர்களா?”

எப்படித் தெரிந்தது என்று எங்களுக்கு ஆச்சரியம். மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதன் பின்பக்கத்தைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

“இதில் ஸ்டீராய்டு இருக்கிறது. அதோடு இன்னும் இரண்டு மருந்து. முகத்துக்குப் போடுகிற மருந்தே இல்லை இது. போடுகிறவரை அமுக்கி வைக்கும். நிறுத்தினால் இப்படித்தான் திருப்பி அடிக்கும். யார் எழுதிக் கொடுத்தது?”

மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “கடையில் வாங்கினோம்” என்றாள். எழுதிக்கொடுத்த டாக்டர் நான்தான் என்று டாக்டரிடம் நானே சொல்ல வேண்டியதாயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. என் கன்னத்தில் இருக்கிற பள்ளங்களை ஒரு நொடி பார்த்தார். என் பதினெட்டு வயதில் வந்த பரு விட்டுப்போனவை அவை. “உங்களுக்கு அந்தக் காலத்தில் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை இல்லையா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். பரு வந்த பையன் எதற்கு டாக்டரிடம் போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

அடுத்து அவர் கேட்டது, “வீட்டில் வேறு யாராவது இந்த ட்யூபைத் தொட்டார்களா?”

கதவோரம் நாற்காலியில் இருந்த மகள், “மம்மி, மைனே லகாயா தா” என்று ஹிந்தியில் சொன்னாள், தான் போட்டதாக. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். “ஆன்யுவல் டேக்கு முன்னாடி. ஒரு வாரம்தான். உங்களுக்கு அவ்வளவு நல்லா ஆச்சுல்ல, அதான் போட்டேன்.”

மனைவி கோபப்படவில்லை. எழுந்து மகளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்து, “இவளையும் பாத்திடுங்க” என்று டாக்டரிடம் சொன்னாள். மகளின் நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளியும் பருவும் ஒரு வருடமாக இருந்தவைதான். அதைப் பற்றி அவள் அழுதபோதெல்லாம் வயசுக்கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் அவளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு வாரம் என்பதால் பெரிய கெடுதல் இல்லை என்றார். பிறகு இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தார். “பேர் ஒன்றுதான், பிம்பிள். ஆனால் அம்மாவுடையது வேறு, பொண்ணுடையது வேறு. ஒருத்தர் மருந்தை இன்னொருத்தர் தொடக் கூடாது” என்று எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னார்.

மகளுக்குக் காலையில் ஒரு ஜெல், ராத்திரிக்கு ஒரு ஜெல். ராத்திரி ஜெல்லை ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவ வேண்டும். பரு மேல் மட்டும் வைக்கக் கூடாது. முதலில் தோல் உரியும், காய்ந்து போகும். அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். மூன்று மாதத்துக்கு முன்னால் பலன் கேட்கக் கூடாது.

மனைவிக்குச் சொன்னதுதான் கடினமானது. ட்யூப் இன்றோடு நிறுத்தம். எரிச்சலைத் தணிக்க ஸ்டீராய்டு இல்லாத ஒரு ஆயின்மென்ட், சில வாரங்களுக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்கிரீன். இவை தவிர வேறு எதுவும் முகத்தில் படக் கூடாது. மஞ்சள், சந்தனம், எலுமிச்சை எதுவும்.

“முதலில் மோசமாகும்” என்றார். “இன்னும் சிவக்கும், வீங்கும், எரியும். ஒரு மாதமோ, இரண்டு மாதமோ. அப்போது யாராவது இந்த ட்யூபைக் கொடுத்தால் வாங்கிப் போடத் தோன்றும். போடாமல் இருப்பீர்களா?”

மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “இருப்பேன். ஆனா எவ்வளவு மோசமாகும்னு இப்பவே சொல்லிருங்க.”

டாக்டர் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. பத்து நாளில் சரியாகும் என்று சொல்லியிருந்தால் நாங்கள் சந்தோஷமாகப் போயிருப்போம், பதினொன்றாம் நாள் திரும்பவும் கடைக்குப் போயிருப்போம்.

அக்டோபர் மாதம் அவர் சொன்னபடியே நடந்தது. மனைவியின் முகம் எனக்கே அடையாளம் தெரியாமல் போன நாட்கள் உண்டு. கண்ணிமை வீங்கி, கன்னம் செங்கல் நிறத்தில், வாயைச் சுற்றித் தோல் செதில் செதிலாக உரிந்தது. சிரித்தால் வெடித்தது. ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு ஃபேன் அடியில் உட்கார்ந்திருப்பாள். மாத்திரை வயிற்றைப் பிரட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பாள்.

ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

ஒரு நாள் காலையில் நானே சொன்னேன், “ஒரு பதினைஞ்சு நாள் மெடிக்கல் லீவு போடேன். இல்லாட்டி துப்பட்டாவை மூஞ்சில சுத்திக்கிட்டுப் போ. இங்க எல்லாப் பிள்ளைங்களும் வண்டியில அப்படித்தானே போகுது.”

அவள் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். “வண்டியில போறப்போ சுத்திக்கிடுதேன், வெயிலுக்கு. க்ளாஸ்ல எதுக்குச் சுத்தணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?” என்றாள். என்னைக் குத்திச் சொல்கிற குரல் இல்லை அது, உண்மையாகவே கேட்டாள். தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் அவள் பாடகர் குழுவில் முன்வரிசை. அந்த வாரங்களிலும் அங்கேயே நின்றாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கொரு வைத்தியம். ஒரு அக்கா வேப்பிலையை அரைத்துப் போடச் சொன்னார்கள். இன்னொருவர் வயிற்றுச் சூடு என்றார். ஒருவர் தன் மருமகள் போடுகிற ட்யூபைக் கைப்பையிலிருந்தே எடுத்துக் காட்டினார். அதே ட்யூப்.

மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அவர் கையிலேயே திரும்ப வைத்தாள். “அக்கா, எம் மூஞ்சி இப்படி ஆனது இதனாலதான். உங்க மருமகளைக் கூட்டிட்டு ஆகுர்டிக்குப் போங்க. அட்ரஸ் நான் தாரேன். அவளா நிறுத்த வேண்டாம், டாக்டர்ட்ட கேட்டுட்டு நிறுத்தச் சொல்லுங்க” என்றாள். கோபமோ வெட்கமோ இல்லாமல், கணக்கில் ஒரு படி தவறியதைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி சொன்னாள். அந்த அக்கா பையை மூடிக்கொண்டு அட்ரஸை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பள்ளியில் நடந்ததை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. டெப்போவில் என் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு மராட்டி நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் மகள் ஒன்பதாவதில் என் மனைவியிடம் படிக்கிறாள். டிபன் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உங்கள் மேடம் வகுப்பில் என்ன செய்தார்கள் தெரியுமா?” என்றார்.

நடந்தது இதுதான். ஒரு பையன் கரும்பலகைப் பக்கம் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பக்கத்துப் பையன் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறான். அவள் சாக்பீஸை வைத்துவிட்டு, “எல்லாருக்கும் இதைப் பத்திக் கேக்கணும்னு இருக்கு, கேளுங்க” என்று இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். பிறகு அவளே சொன்னாளாம்: எனக்குப் பரு வந்தது. டாக்டரிடம் காட்டாமல் ஒரு தவறான மருந்தைப் போட்டேன். அது முதலில் அழகாக்கியது, பிறகு இப்படி ஆக்கியது. இப்போது சரியான வைத்தியம் நடக்கிறது, நாளாகும். உங்களில் யாராவது முகம் வெளுக்க ட்யூப் போட்டால் வீட்டில் சொல்லுங்கள். இப்போது பக்கத்தைத் திருப்புங்கள்.

“அன்றைக்கு சாயங்காலம் என் மகள் புத்தகப் பைக்குள்ளிருந்து ஒரு ட்யூபை எடுத்து என் கையில் கொடுத்தாள்” என்றார் நண்பர். “ஆறு மாதமாகப் போடுகிறாளாம். எனக்கோ, அவள் அம்மாவுக்கோ தெரியாது.” அவர் டிபனைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். அவர் கையில் நான் டாக்டரின் கிளினிக் இருக்கிற தெருவை எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், “ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்ல என்ன இருக்கு? ரெண்டு நிமிஷம். போர்ஷன் முடிக்கணும்லா” என்றாள்.

மருந்துக்கடைக்காரரோடு சண்டை போட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். அவள் என்னைத் தடுத்து, தானே போனாள். நான் பின்னால் போனேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம். துப்பட்டாவை இறக்கி முகத்தைக் காட்டி, மராட்டியில், “அண்ணா, நீங்கள் கொடுத்த ட்யூப் செய்தது இது” என்றாள். அவர் பதறிப்போனார். எல்லோரும் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள் என்றார். “போகட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கேட்டால் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது” என்றாள். அவர் தலையை ஆட்டினார். சொன்னபடி முழுவதும் நிறுத்திவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கடை முன்னால் மாட்டியிருந்த அந்த ட்யூபின் விளம்பர அட்டை மட்டும் அடுத்த வாரம் இல்லை.

கிறிஸ்மஸுக்குள் எரிச்சல் அடங்கிவிட்டது. சிவப்பு குறைந்து, உரிந்த தோலெல்லாம் போய், அவள் முகம் திரும்பி வந்தது. ஆனால் முதன்முதலில் வந்த அந்தத் தாடைப் பரு மட்டும் அப்படியே இருந்தது. நான் மனம் ஒடிந்துபோனேன். இத்தனை பட்டும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோமே என்று இருந்தது.

டாக்டருக்கு அது சந்தோஷம். “இப்போதுதான் உங்கள் உண்மையான பரு தெரிகிறது. இனிமேல் அதற்கு வைத்தியம் பார்க்கலாம்” என்றார். மாதவிடாய் எப்படி வருகிறது, மற்ற உடம்பு எப்படி என்று விசாரித்து, ரத்தப் பரிசோதனை எழுதினார். ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. இந்த வயதில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் தாடையில் வருவது நிறையப் பெண்களுக்கு உண்டு என்று சொல்லி, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தடவுகிற மருந்து மட்டும் போட்டுப் பார்க்கலாம். அதோடு ஹார்மோனின் வேலையைத் தடுக்கிற ஒரு மாத்திரையும் சேர்க்கலாம். வைட்டமின் ஏ வகையில் பலமான மாத்திரை ஒன்று உண்டு, அது கட்டிகட்டியாக வந்து தழும்பு விழுகிறவர்களுக்கு. கர்ப்பமாகிற வாய்ப்பு இருக்கிறவர்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய மருந்து. உங்களுக்கு இப்போது தேவையில்லை.

மனைவி அந்த ஹார்மோன் மாத்திரையின் பேரைப் பார்த்துவிட்டு, “இது பிரஷர் மாத்திரைதானே, எங்க மாமாவுக்குக் கொடுத்தாங்க” என்றாள். என் அப்பாவின் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். “நல்ல கேள்வி. அதே மருந்துதான். இதற்கும் உதவும். பிரஷர் பார்த்து, ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துத்தான் கொடுப்பேன். தலை சுற்றினால் உடனே சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை.”

அவள் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வைத்திருந்தாள். என்னிடம் கருத்துக் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். அந்த விஷயத்தில் இனிக் கருத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் நாள், “மாத்திரையும் போடுதேன்” என்று முடிவு செய்தாள்.

மகளின் கதை வேறு மாதிரிப் போனது. காலை ஜெல் பட்டு அவள் முகம் துடைக்கிற துண்டும், ஆசையாக வாங்கிய கறுப்பு டீசர்ட்டும் வெளுத்துப்போயின. ஆறு வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்று ஜெல்லைத் தூக்கி மேஜையில் எறிந்தாள். மனைவி முகமெல்லாம் உரிந்த நிலையில் எதிரே உட்கார்ந்து, “இன்னும் ஆறு வாரம் பாக்கி இருக்குடா” என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் வாதாட முடியாது. பிப்ரவரியில் மகள் நெற்றி முடியை மேலே தூக்கி வாரிக்கொண்டு காலேஜுக்குப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த முடி நெற்றியை மறைத்தே இருந்தது.

மனைவிக்குச் சரியாக மழை ஆரம்பிக்கிறவரை பிடித்தது. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாதத்தில் சில நாட்களில் தாடையில் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். கன்னத்தில் சில பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. அவையும் மெல்ல மங்கும் என்கிறார் டாக்டர். மூக்கோரச் சிவப்பு நரம்பு அப்படியே நின்றுவிட்டது. அதற்கு லேசர் உண்டாம். “அது இருந்துட்டுப் போகட்டும்” என்று மனைவி விட்டுவிட்டாள். மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்துக்கொண்டு வருகிறார்.

இந்த வருடம் பள்ளி திறந்த பிறகு, மனைவி தலைமை ஆசிரியையிடம் பேசி, ஒரு சனிக்கிழமை டாக்டரைப் பள்ளிக்கு வரவழைத்தாள். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை பிள்ளைகள் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ப்ரொஜெக்டர் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். டாக்டர் அரைமணி நேரம்தான் பேசினார். அதன் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. சாக்லேட் சாப்பிடலாமா, கிள்ளினால் என்ன, பையன்களும் வரலாமா, அம்மா அப்பா வேண்டாம் என்றால் என்ன செய்வது.

ஒரு பெண் எழுந்து, “ஒரு தடவை சரியானால் திரும்ப வராதா?” என்று கேட்டாள்.

“சிலருக்கு வராது. சிலருக்கு இருபதில் வரும், சிலருக்கு நாற்பதில் வரும்” என்றார் டாக்டர். “வந்தால் திரும்பவும் வாருங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.”

மணி அடித்தும் ஏழெட்டுப் பிள்ளைகள் மேடையைச் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் டாக்டரிடம் இருந்தார்கள், பாதிப் பேர் என் மனைவியிடம். ஒரு பெண் அவள் தாடையைக் கிட்டத்தில் பார்க்கலாமா என்று கேட்டாள். மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள்.